ஊர்க்காரர் வாயில் ஊர்ப்பெயர்



1934-இல் பிபிசி தன் அறிவிப்பாளர்களுக்காக ஒரு சிறு நூலை வெளியிட்டது. வேல்ஸ் நாட்டு ஊர்ப்பெயர்களை ஒலிவாங்கி முன்னால் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கான கையேடு அது. எழுதியவர் ஆர்தர் லாயிட் ஜேம்ஸ். ஒலியியல் அறிஞர், வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில் பிறந்தவர். ஊர்ப்பெயரை ஊர்க்காரர் சொல்கிறபடி சொல்லிவிட்டால் போதாதா, இதற்கொரு நூலா என்று கேட்கத் தோன்றும். வேல்ஸில் அது அவ்வளவு சுலபமில்லை.

வெல்ஷ் எழுத்துமுறை பார்ப்பவரை மிரட்டும், ஆனால் ஏமாற்றாது. எழுதியபடியே படிக்கலாம், எழுத்துக்கு என்ன ஒலி என்று தெரிந்தால் போதும். ஆங்கிலத்தின் 'டபிள்யூ' அங்கே பெரும்பாலும் 'உ' என்னும் உயிர். பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல்லில் 'சி, டபிள்யூ, எம்' என மூன்றே எழுத்து; படித்தால் 'கும்'. ஒற்றை 'எஃப்' வந்தால் 'வ'. இரட்டை 'டி' வந்தால், நாம் 'அது' என்று இயல்பாகச் சொல்லும்போது நடுவில் வருமே, அந்த மெல்லிய 'த'. தலைநகர் கார்டிஃபின் வெல்ஷ் பெயர் 'கைர்டீத்'. அதன் கடைசி ஒலி இதுதான். 'கார்டிஃப்' என்பது ஆங்கிலேயர் சிதைத்த வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 'கைர்டிவ்' என்ற பழைய வெல்ஷ் வடிவத்திலிருந்து வந்தது அது. வெல்ஷ்காரர் மாற்றிக்கொண்டார்கள், ஆங்கிலம் பழையதைப் பிடித்துக்கொண்டது.

எல்லோரையும் திணறடிப்பது இரட்டை 'எல்'. லனெஹ்லி, லாண்டுட்னோ போன்ற பெயர்களை நான் 'ல' போட்டுச் சொல்வது வசதிக்காகத்தான். உண்மை ஒலி வேண்டுமானால், 'ல' சொல்லும் இடத்தில் நாக்கு நுனியை வையுங்கள். குரலை எழுப்பாதீர்கள். நாக்கின் ஓரம் வழியாகக் காற்றை ஊதுங்கள். சீறல் மாதிரி ஒன்று வரும், அதுதான். ஆங்கிலேயர் காதில் இது பல நூற்றாண்டாகவே சரியாக விழவில்லை. லிவெலின் என்ற பெயர் ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் ஃப்ளூயெலன் ஆனது; லாயிட் என்ற குடும்பப்பெயர் ஃப்ளாயிட் ஆனது. இன்றைய சுற்றுலாப் பயணிகள் 'த்ல' என்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த இல்லாத 'த்'தை நுழைப்பதைவிட வெறும் 'ல' சொல்லிவிடுவது மேல்.

அடுத்தது அழுத்தம். பொதுவிதி, கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். ஸ்வான்ஸீயின் வெல்ஷ் பெயரான அபெர்டவேயில் 'ட'வை அழுத்த வேண்டும். ஆனால் பொன்டப்ரீத், கைர்டீத் போன்ற பெயர்களில் அழுத்தம் கடைசியில் போய் விழும். வெளியூர்க்காரரை இது உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒலிகளைச் சரியாகச் சொல்லி அழுத்தத்தில் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம்.

இந்த விதிகளையெல்லாம் தேறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிளைனை ஃபெஸ்டினியோக் என்று சுத்தமாகச் சொல்கிறீர்கள். அந்த மலைப்பகுதியில் இருப்பவரோ 'பிளைனா' என்பார், அல்லது 'ஸ்டினியோக்'. வடமேற்கு வேல்ஸில் சொல்லின் கடைசியில் வரும் 'ஐ' பேச்சில் 'ஆ'வாகிவிடும், தெற்கில் பல இடங்களில் 'எ'வாகும். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். போர்த்மாடோக் ஊர்க்காரருக்கு 'போர்ட்'. கைர்நார்வோன் ஊர்க்காரருக்கு வெறும் 'ட்ரே', அதாவது 'டவுன்'. ஒலிவாங்கி முன்னால் 'ட்ரே' என்றால் அடுத்த மாவட்டத்தில் யாருக்கும் புரியாது. ஊர்க்காரர் வழியைப் பின்பற்றலாம், ஆனால் அவர் வீட்டுச் செல்லப்பெயர் வரை அறிவிப்பாளர் போக வேண்டியதில்லை என்பது என் கட்சி.

58 எழுத்துப் பெயர் கொண்ட அந்த ஆங்கிள்ஸீ தீவுக் கிராமத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபிப்பீர்கள். 1860-களில் பயணிகளை இழுக்க நீட்டிய பெயர் அது. வெல்ஷ் கணக்கில் எழுத்து 51தான், ஏனென்றால் இரட்டை 'எல்' போன்றவை அங்கே ஒரே எழுத்து. 2015-இல் சேனல் 4 வானிலை அறிவிப்பாளர் லியாம் டட்டன் அதை மூச்சுவிடாமல் சொன்ன காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. பாராட்ட வேண்டிய வித்தைதான். ஊர்க்காரர்கள் சொல்வது 'லான்வைர்புஹ்ல்', அவ்வளவே.

ஊர்ப்பெயரை விடுங்கள், வீட்டுச் சொற்களிலேயே வடக்கும் தெற்கும் பிரிகின்றன. பால் வடக்கில் லெவ்ரித், தெற்கில் லைத். 'இப்போது' என்பது வடக்கில் ரூவன், தெற்கில் நவுர். பாட்டி வடக்கில் நைன், தெற்கில் மாம்-கீ. ஒரு கோப்பைத் தேநீர் வடக்கில் பனெட், தெற்கில் டிஷ்க்லெட். வீடு என்ற சொல் தெற்கில் 'டீ' என்று ஒலிக்கும். வடக்கில் அந்த உயிர், நம் குற்றியலுகரம்போல உதடு குவியாமல், ஆனால் நீண்டு வரும். மொழியியலாளர் ஆலன் தாமஸ் இந்த வேறுபாடுகளை வரைபடங்களாக்கி 1973-இல் ஒரு நூலே வெளியிட்டார். 1977 ஜனவரி 3-ஆம் தேதி தொடங்கிய வெல்ஷ் மொழி வானொலியான ரேடியோ கம்ரியில் வடக்கத்திப் பேச்சும் தெற்கத்திப் பேச்சும் ஒரே அலைவரிசையில் வருகின்றன. ஒரே தரப்பேச்சை எல்லார் தலையிலும் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த நிலையத்தின் செய்தியைக் கேட்டு வரைபடத்தில் ஊரைத் தேடுபவருக்கு ஒரு எச்சரிக்கை. முன்னால் என்ன சொல் வருகிறது என்பதைப் பொறுத்து ஊர்ப்பெயரின் முதல் எழுத்தே மாறும். பாங்கோர் நகரத்துக்குப் போனால் 'இ வாங்கோர்', அங்கேயே இருந்தால் 'அம் மாங்கோர்'. கைர்டீத்துக்குப் போனால் 'இ கைர்டீத்', அந்தக் 'கை'யை 'அங்கை'யில் வருவதுபோல் சொல்ல வேண்டும். கைர்டீத்தில் இருந்தாலோ 'அங் ஙைர்டீத்', அந்த 'ங'வையும் மூச்சுக்காற்றோடு சொல்ல வேண்டும். தமிழ் அகராதியில் 'ங'வில் தொடங்கும் சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெல்ஷ் செய்தி வாசிப்பவருக்கோ தலைநகரில் ஒரு கூட்டம் நடந்தால் போதும், அது வந்துவிடும்.