நம் கட்டடத்தின் பிளான் நம் கையில்
(நம் சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன குற்றால சீசனில் பி பிளாக் தரைத்தளத்தில் ஓதம் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் பிளம்பர் மூன்று இடத்தில் டைல்ஸை உடைத்தார். உடைத்ததை ஒட்டிய செலவு, ஒழுக்கை அடைத்த செலவைவிட அதிகம். மாசாமாசம் நீங்கள் கட்டுகிற பராமரிப்புப் பணம்தான் அது.

இனி இப்படி ஆகாமல் இருக்க, கட்டடத்தின் பிளானைக் கம்ப்யூட்டரில் வரைந்து வைக்க வேண்டும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறோம். எந்தச் சாஃப்ட்வேரில் வரைவது என்பதில்தான் பேச்சு. செயற்குழுவில் இரண்டு யோசனை வந்தது. ஒன்று, ஆட்டோகேட் வாங்கலாம். இரண்டாவது, தெரிந்த பையனிடம் பென் டிரைவில் ‘கிராக்’ செய்தது இருக்கிறது, சும்மா போட்டுக்கொள்ளலாம். இரண்டுமே வேண்டாம் என்கிறேன்.

ஆட்டோகேட் நல்ல சரக்குதான். 1982-ல் வந்தது. தென்காசியில் பிளான் போடுகிற எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்தப் பேர்தான் காதில் விழும். முன்பெல்லாம் ஒரு தடவை விலை கொடுத்தால் அந்தப் பதிப்பு நம்முடையது. 2016-ல் அப்படி விற்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது சந்தா மட்டும்தான், அதாவது வாடகை. தட்டையான வரைபடம் மட்டும் போடுகிற எல்.டி. பதிப்புக்கே வருடத்துக்குப் பல்லாயிரம் ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தினமும் வரைந்து சம்பாதிக்கிறவருக்கு அது கட்டுப்படியாகும். வருடத்துக்கு நாலு தடவை திறந்து பார்க்கிற நமக்கு எதற்கு?

அடுத்தது பென் டிரைவ் விவகாரம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆதாயத்துக்காக இல்லை என்றால் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. அப்போதும் பதில் சொல்ல வேண்டியவர் செயலாளர். அதோடு, சங்கத்தின் கணக்கு, வங்கி லாகின் எல்லாம் இருப்பது அதே கம்ப்யூட்டரில். எங்கிருந்தோ வந்த கிராக் ஃபைலை அதில் ஓட்டலாமா?

கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஆட்டோகேட் இலவசமாகவே கிடைக்கிறது. படிப்புக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கிறார்கள். சங்க வேலையை அவர்கள் தலையில் கட்டுவது முறையல்ல.

இலவசத்திலும் இரண்டு வகை உண்டு. டிராஃப்ட்சைட் என்ற சாஃப்ட்வேரைப் பல வருடம் சும்மா கொடுத்தார்கள். 2019-ல் காசு என்றார்கள். அந்த வருடக் கடைசியோடு பழைய இலவசப் பதிப்பும் ஓடாமல் நின்றது. நான் சொல்கிற லிப்ரேகேட் அந்த மாதிரி இல்லை. அது ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தில் வருவது. கையில் உள்ள பிரதியை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. வீட்டுக் கடன் பாஷையில் சொன்னால், முதலாவது குடியிருக்க விட்ட வீடு, இரண்டாவது பத்திரம் ஆன வீடு.

லிப்ரேகேட்டில் முப்பரிமாணம் கிடையாது. நமக்கு அது தேவையும் இல்லை. சோபாவை எங்கே போடலாம் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஸ்வீட் ஹோம் 3டி போட்டுப் பாருங்கள், அதுவும் இலவசம். ஃப்ரீகேட் பெரிய வேலைக்கு உள்ளது, கற்றுக்கொள்ள நாளாகும். வரைபடத் தொழிலில் இறங்குகிற பிள்ளைகளுக்கு ஒரே விலையில் நிரந்தர உரிமம் தருகிற பிரிக்ஸ்கேட், இசட்.டபிள்யூ.கேட் போன்றவற்றையும் விலை கேட்கச் சொல்வேன்.

வரையும்போது கவனிக்க வேண்டியது லேயர். சுவர் ஒரு லேயர், குடிநீர் ஒன்று, கழிவுநீர் ஒன்று, மின்சாரம் ஒன்று. டிரேசிங் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மாதிரி. பிளம்பர் வந்தால் மற்றதை அணைத்துவிட்டுக் குழாயை மட்டும் காட்டலாம். அளவிலும் ஒரு வம்பு இருக்கிறது. பத்தடி ஆறு அங்குலத்தை 10.6 அடி என்று போட்டால் ஓர் அங்குலத்துக்கு மேல் கூடிவிடும். எல்லாவற்றையும் அங்குலமாக்கி 126 என்று போடுவதே நல்லது. ஃபைலை டி.எக்ஸ்.எஃப். வடிவத்தில் வையுங்கள். ஆட்டோகேட் வைத்திருக்கிற இன்ஜினியரும் அதைத் திறக்கலாம். வெளியில் யாரிடமாவது வரைந்து வாங்கினாலும் அதே வடிவத்தில் கேட்டு வாங்குங்கள். புதிய டி.டபிள்யூ.ஜி. ஃபைல்களை லிப்ரேகேட் எப்போதும் சரியாகத் திறப்பதில்லை.

அடிப்படைக்கு எதை வைத்துக்கொள்வது? 2016 ரெரா சட்டத்தின் 17-வது பிரிவுப்படி பில்டர் பிளான்களைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். நம் கட்டடம் அதற்கு முந்தியது, பில்டரும் கடையைக் கட்டிவிட்டார். ஆனால் கடன் வாங்கி வீடு வாங்கியவர்களின் வங்கி ஃபைலில் அனுமதி பெற்ற பிளானின் நகல் இருக்கும். இத்தனை வருடம் அந்த ஃபைல்களைக் கட்டி அடுக்கியவன் என்பதால் சொல்கிறேன், கிளையில் எழுதிக் கொடுத்து நகல் கேளுங்கள். அதில் சுவர் இருக்கும், குழாய் இருக்காது. குழாயை நாம்தான் பார்த்து அளந்து சேர்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு சம்ப் பக்கமிருந்து அளக்க ஆரம்பிக்கிறோம். டேப் பிடிக்க நாலு பேர், எழுத ஒருவர் போதும். பழைய பிளம்பரின் நம்பர் யாரிடமாவது இருந்தால் அதற்குள் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.