இல்லத்துக் கொடுமையும் சமயச் சமூகங்களின் பொறுப்பும்

(மும்பை மாட்டுங்காவில் சமூகப் பணி மாணவர்களிடையேயும் அரசு அலுவலர்களிடையேயும் ஆற்றிய உரை)



திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நம்பி வந்தவர்கள் தாராவியில் குடியேறிய காலத்தில், அவர்களுக்குத் துணையாக நின்றவை வழிபாட்டிடங்களே. 1887-இல் எழுந்த பெரிய மசூதியும் 1913-இல் அமைந்த கணேசர் கோயிலும் தொழுகைக்கும் பூசைக்கும் மட்டும் உரியனவாக இருந்ததில்லை. மொழி தெரியாத ஊரில் வேலை கேட்கவும், வழக்குத் தீர்க்கவும் மக்கள் கூடிய இடங்கள் அவை. அந்தப் பழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கணவனால் அடிபட்ட பெண் நேரே நீதிமன்றம் செல்வதில்லை. தாயிடம் செல்கிறாள், தாய் ஊர்ச் சங்கத்துப் பெரியவரிடமோ, ஜமாஅத்திடமோ, பங்குத்தந்தையிடமோ செல்கிறாள். அவர்கள் கூறும் முதற்சொல்லே அவளுடைய விதியைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கின்றனர். மகாராஷ்டிரத்தில் இது 25, தமிழ்நாட்டில் 38. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி நாடியவர்களோ நூற்றுக்கு 14 பேரே. அவர்களிலும் பெரும்பாலோர் சென்றது பிறந்த வீட்டிற்கு.

உதவி நாடி வந்தவளுக்குச் சமூகம் தரும் விடை என்ன? "அவன் அடிக்கும்படி நீ என்ன செய்தாய்?" என்பதே. கொடுமையைச் சச்சரவாகக் கருதுவதால் இந்தக் கேள்வி எழுகிறது. சச்சரவுக்கு இரு தரப்பு உண்டு. ஆகவே இருவரும் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே அவள் திரும்பிச் செல்ல வேண்டும். இந்த வாதத்தில் மூன்று சமயத்தாரும் வியப்பூட்டும் வகையில் ஒன்றுபடுகின்றனர்!

ஆயினும் சமயங்களின் சொந்த மரபு இவ்வளவு எளிதாக அவர்கள் பக்கம் நிற்கவில்லை. நபிகள் நாயகம் எந்தப் பெண்ணையும் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா அவர்கள் அறிவித்ததாக ஹதீஸ் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, 1153-ஆவது விதியில், துணைவரால் உடலுக்கோ உள்ளத்துக்கோ பெரும் ஆபத்து நேருமாயின் பிரிந்து வாழ நியாயமுண்டு என ஏற்கிறது. மணவாழ்வு முறிக்க இயலாதது என்று மட்டும் அறிவுரை கூறி அனுப்பும் பங்குத்தந்தை, பாதி விதியையே கூறியவராகிறார். நம் மாட்டுங்கா, செம்பூர்க் கதாகாலட்சேப மேடைகளில் கூடை சுமந்த நளாயினியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சபை நடுவே தருமம் எது என்று பாஞ்சாலி கேட்டதையும், பீஷ்மர் முதலான பெரியோர் தக்க விடையளிக்காது நின்றதையும் அதே மேடையில் இன்னும் சற்று விரிவாகச் சொன்னால் என்ன?

சட்டத்தின் வரலாறும் இங்கே கருதத்தக்கது. கொடுமையைக் காரணமாகக் காட்டி முஸ்லிம் பெண் மணவிலக்குக் கோரும் உரிமையை 1939-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் கொடுமையை நீதிமுறைப் பிரிவுக்கு மட்டுமே காரணமாக்கியது. மணவிலக்குக்கு அது காரணமானது 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால். கிறிஸ்தவப் பெண்ணின் நிலை இன்னும் கடினம். 1869-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவளுக்குக் கொடுமை மட்டும் போதாது. அதனுடன் கணவனின் பிறமகளிர் தொடர்பையும் நிறுவ வேண்டும். 1997-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த வேறுபாட்டை நீக்கித் தீர்ப்பளித்தது. நாடு முழுமைக்கும் திருத்தம் வந்தது 2001-இல். இந்தச் சமயம் பிற்போக்கு, அந்தச் சமயம் முற்போக்கு என எளிதாகப் பேசுவோர் இந்த ஆண்டு வரிசையை நினைவிற் கொள்வது நலம்.

சமூகத்தின் உள்ளிருந்தே மாற்றம் எழ முடியும் என்பதற்குப் புதுக்கோட்டை ஓர் எடுத்துக்காட்டு. ஜமாஅத்தில் ஆடவரே அமர்ந்து, பெண்ணை நேரில் கேளாமலே அவளுடைய மணவாழ்வு பற்றி முடிவு செய்யும் வழக்கத்தை எதிர்த்து, 'ஸ்டெப்ஸ்' அமைப்பின் தா. ஷரீபா கானம் அங்கே பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். முறையிட்டவளின் கூற்று அவள் வாயாலேயே கேட்கப்பட்டது. அதன் பணியைத் தீபா தன்ராஜ் 2011-இல் ஆவணப்படமாக்கினார். அந்தக் கூட்டத்திற்கும் சட்ட அதிகாரம் இல்லை என்பது உண்மை. இத்தகைய சமய மன்றங்களின் முடிவு எவரையும் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. "உங்கள் ஜமாஅத்தில் பேசித் தீர்த்துக்கொள்" என்று புகாரைத் திருப்பி அனுப்பும் காவல் அலுவலர் இதை மறத்தல் ஆகாது.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் எல்லாச் சமயத்தினருக்கும் பொதுவானது. இதன் விதிகளில் 14-ஆவதை மாணவர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். ஆலோசனையின்போது, தான் அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்பினருக்கு இடமில்லை. அந்த வன்முறை மீண்டும் நிகழாது என்ற உறுதியைப் பெறுவதே நோக்கம். பெண் விரும்பினால் மட்டுமே சமரச முயற்சி. நம் பெரியவர்களின் பழைய கேள்வியை இந்த விதி தலைகீழாக்கிவிட்டது எனலாம். கணவன் பெயரில் இருந்தாலும் கூட்டு இல்லத்தில் வாழும் உரிமை 17-ஆவது பிரிவால் அவளுக்குண்டு. பத்துக்குப் பத்து அறையே வீடாக அமைந்த தாராவியில், பிரிந்து வாழ வேறிடமற்றவளுக்கு இதன் பொருள் பெரிது.

அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1984-இல் செம்பூரை அடுத்த தேவ்னாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான தனிப்பிரிவைத் தொடங்கியது. பாந்திராவின் பாபா மருத்துவமனையில் 'திலாசா' மையம் உருவாயிற்று. 1999-இல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் நிறுவிய 'ஸ்நேகா' தாராவியில் பணிபுரிந்து வருகிறது. குறை என்னவெனில், பெரியவரின் திண்ணைக்கும் இந்த மையங்களுக்கும் இடையே பாதை அமையவில்லை.

அந்தப் பாதைக்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. வன்முறை நடந்தது அல்லது நடக்கக்கூடும் என நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது 4-ஆவது பிரிவு. நல்லெண்ணத்துடன் தரும் தகவலுக்காக அவர்மீது வழக்குத் தொடர முடியாது. 'எவரும்' என்ற சொல்லில் அர்ச்சகரும் இமாமும் பங்குத்தந்தையும் அடங்குவர். அவர்கள் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. அவளுடைய சம்மதத்தைக் கேட்டறிந்து, உரிய அலுவலரிடம் அழைத்துச் சென்றால் போதும்.

இங்குள்ள அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதிப் பாதுகாப்பு அலுவலரின் பெயர், அமரும் இடம், நேரம், இவற்றோடு பெண்கள் உதவி எண் 181 ஆகியவற்றைத் தமிழிலும் மராத்தியிலும் உருதுவிலும் எழுதி, கோயில், மசூதி, தேவாலய நிர்வாகத்தாரிடம் நேரில் கொண்டு சேர்க்க வேண்டும். அஞ்சலில் அனுப்பினால் அது கோப்பிலேயே தங்கிவிடும்.