தலைக்கோலும் லோசான் பரிசும்



இளம் நடனக் கலைஞர்களுக்காக நடைபெறும் உலகப் பாலேப் போட்டி ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பாலே ஐரோப்பியரின் நடனம்; அதற்கும் நமக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். உறவு உண்டு. அதைக் காட்ட உங்களை முதலில் திருவொற்றியூருக்கு அழைத்துச் செல்கிறேன்.

இராயபுரத்திலிருந்து எண்ணூருக்குக் கடலோரமாகச் செல்லும் சாலையில் துறைமுகத்துச் சரக்கு லாரிகள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். அச்சாலையிலிருந்து சற்றே மேற்கே சென்றால் தியாகராசர் திருக்கோயில். அங்குள்ள கல்வெட்டுகளுள் ஒன்று என் நெஞ்சைவிட்டு அகலாதது. மூன்றாம் இராசராச சோழனின் 19ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1235இல், இக்கோயில் மண்டபத்தில் உறவாக்கின தலைக்கோலி என்னும் நங்கை அகமார்க்கம் நிகழ்த்தினார். அரசனே அமர்ந்து கண்டான். கண்டு மகிழ்ந்தவன், மணலியில் 60 வேலி நிலத்துக்கு அவர் பெயரால் உறவாக்கின நல்லூர் என்று பெயர் வழங்கினான். இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் அதே மணலிதான்!

தலைக்கோலி என்பது ஆடற்கலையில் தேர்ந்த மகளிர் பெற்ற பட்டம். பகையரசரிடம் கைப்பற்றிய வெண்கொற்றக் குடையின் காம்பினால் செய்து, மணிகள் பதித்துப் பொன் பூட்டிய கோலே தலைக்கோல். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேறித் தலைக்கோற் பட்டம் பெற்றாள். இளங்கோவடிகள் அவள் ஆட்டத்தை உடனே வருணிக்கத் தொடங்கவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை வல்லோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை முதலில் கூறுகிறார். அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என்று அளந்தும் காட்டுகிறார். ஒரு கலைஞரை உருவாக்க எத்தனை பேர் உழைக்க வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஆயின் அடுத்து நிகழ்ந்தது என்ன? மாதவி பெற்ற மாலையின் மதிப்பு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். அம்மாலையை ஒரு கூனி நகரத் தெருவில் விலை கூறி நின்றாள். கோவலன் வாங்கினான். மாலையை வாங்கியவன் மங்கைக்கும் உரியவனானான். ஏழாண்டுப் பயிற்சிக்குக் கிடைத்த பரிசு, அவளுக்கு வைத்த விலையாக மாறிவிட்டது. கல்வியைத் தொடர அவளுக்கு வழி திறக்கவில்லை. இந்தக் குறையை மனத்திற்கொண்டு நம் காலத்துப் பரிசு ஒன்றைப் பார்ப்போம்.

சுவிட்சர்லாந்தில் லோசான் என்னும் நகரம் உள்ளது. அங்கே 1973இல் பிலிப் பிரவுன்ஷ்வைக் என்னும் தொழிலதிபரும், நடனமணியாக இருந்த அவர் துணைவியார் எல்வீரும் ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். 15 முதல் 18 வயது வரையுள்ள மாணவரே இதில் கலந்துகொள்ளலாம். தொழில்முறைக் கலைஞருக்கு இடமில்லை. பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அங்கே ஒரு வார காலம் தங்குகிறார்கள். அவ்வாரம் முழுவதும் வகுப்புகள் நடைபெறுகின்றன. மேடையில் ஆடுவதற்கு மட்டுமன்றி, வகுப்பிலே பயில்வதற்கும் மதிப்பெண் உண்டு. இன்று இவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதோடு நடுவர்கள் நின்றுவிடுவதில்லை. நாளை எவ்வளவு வளர்வார் என்பதையும் ஆராய்கிறார்கள். உடல்நலமும் கவனிக்கப்படுகிறது, மெலிவுக்காகப் பட்டினி கிடக்கும் தீங்கு இக்கலையில் உண்டு அன்றோ?

வென்றவர்க்குக் கிடைக்கும் முதன்மையான பரிசு, சிறந்த நடனப்பள்ளி ஒன்றில் பயில்வதற்கான உதவித்தொகையே. வெற்றியை முடிவாகக் கருதாமல், கல்வியின் தொடக்கமாக ஆக்கியிருப்பதுதான் இப்போட்டியின் சிறப்பு.

1990இல் அங்கே தங்கப்பதக்கம் வென்றவர் கியூபா நாட்டுக் கார்லோஸ் அகோஸ்டா. வயது பதினாறு. தந்தை ஹவானாவில் லாரி ஓட்டியவர். துறைமுகச் சாலையில் வாழும் உங்களுக்கு அக்குடும்பத்தின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை. தெருவில் திரிந்த சிறுவன் ஒழுங்குபடட்டும் என்று கருதியே தந்தை அவரைப் பாலேப் பள்ளியில் சேர்த்தார். கியூபாவில் அப்பள்ளிக்குக் கட்டணமில்லை. பிற்காலத்தில் அவர் இலண்டன் அரச பாலே நிறுவனத்தின் தலைமைக் கலைஞர்களுள் ஒருவரானார். 2020இல் பர்மிங்காம் அரச பாலே நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. மும்பையை அடுத்த பகுதியில் வெல்டிங் தொழிலாளி ஒருவரின் மகன் அமிருதீன் ஷா. யெகுதா மாவோர் என்னும் வெளிநாட்டு ஆசிரியர் அவரது திறமையைக் கண்டு கட்டணம் பெறாமல் கற்பித்தார். 2017இல் அவ்விளைஞருக்கு இலண்டன் அரச பாலேப் பள்ளியில் இடம் கிடைத்தது.

இவ்விரு வரலாறுகளும் ஒன்றையே உணர்த்துகின்றன. பரிசு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, காசு கேளாத ஒரு வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. அக்கதவு அடைத்திருந்தால் லோசான் நடுவர்கள் அகோஸ்டாவைக் கண்டிருக்கவே மாட்டார்கள். திறமை மீனவர் குப்பத்திலும் பிறக்கும். தொழிலாளர் குடியிருப்பிலும் பிறக்கும். வகுப்பறையோ தானாகப் பிறப்பதில்லை. அதை நாம்தாம் அமைக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதம் கற்பிக்கிறார்கள். சிறுவர்க்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள் உள்ளன. இவற்றைத் தேடிச் செல்லுங்கள். உங்கள் தெருவில் ஆடவும் பாடவும் வல்ல சிறுவரையும் சிறுமியரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இனி ஒரு போட்டியைப் பற்றிக் கேள்விப்படும்போது, யார் வென்றார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். வென்றவர் நாளை எங்கே கற்கப் போகிறார், தோற்றவர் எதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார் என்றும் கேளுங்கள். இவ்விரண்டு கேள்விகளுக்கும் நல்ல விடை தரும் போட்டியே இளைஞர்க்கு ஏற்ற போட்டி.