வீட்டிலுள்ள ஒலிநாடாக்கள்

தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், எத்தனை முறை வீடு மாற்றினாலும் கூடவே வரும் பொருள்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று பழைய ஸ்டீரியோ சாதனம். ஒரு காலத்தில் முன்கூடத்தில் கொலுவீற்றிருந்த கேசட் டெக்கும் சி.டி. பிளேயரும் இன்று பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ துணி போர்த்திக் கிடக்கின்றன. அவற்றின் அருகே ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கேசட்டுகள். இவற்றை வைத்திருப்பதா, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவதா என்னும் விவாதம் பல வீடுகளில் இன்னும் முடிந்தபாடில்லை.

இவ்விவாதத்தில் நமது கட்சி இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடையில் வாங்கிய திரைப்பாட்டுக் கேசட் போனால் போகட்டும். அந்தப் பாட்டு வேறெங்கேனும் கிடைத்துவிடும். வீட்டில் பதிந்த கேசட்டின் கதை வேறு. பாட்டி பாடிய தாலாட்டு, பெண் அழைப்பின்போது உறவினர் பேசிய பேச்சு, கடிதம் எழுதக் கைவராத தாயார் வளைகுடா நாட்டிலிருந்த மகனுக்குப் பேசி அனுப்பிய செய்தி ஆகிய இவற்றுக்கு உலகத்தில் மறுபிரதி கிடையாது. அந்த ஒரு நாடாவை ஒரு முறையேனும் ஒழுங்காக ஓட்டிப் பிரதி எடுக்கும் வரையில், அதை ஓட்டும் கருவியும் வீட்டில் உயிரோடு இருந்தாக வேண்டும்.

மேலட்டையைப் பார்த்து முடிவு செய்வதும் தவறு. கேசட்டின் முதுகுப்புறத்தில் இரு மூலைகளிலும் சிறிய பிளாஸ்டிக் பற்கள் இரண்டு உண்டு. அவற்றை ஒடித்துவிட்டால் அந்த நாடாவில் மேற்கொண்டு பதிவு செய்ய இயலாது. கடைக் கேசட்டுகள் பல் இல்லாமலேயே விற்பனைக்கு வந்தன. ஆனால் புதுக் கேசட் வாங்க மனம் வராத நம் பெரியவர்கள், பல் இருந்த ஓட்டையில் காகிதத்தை அடைத்தோ ஒட்டுத்தாளை ஒட்டியோ, சினிமாப் பாட்டின்மேல் தாத்தாவின் குரலைப் பதிந்து வைத்தார்கள். ஓட்டை அடைபட்ட கேசட் கண்ணில் பட்டால், மேலே எந்தப் படத்தின் பெயர் இருந்தாலும், அதைக் கேளாமல் எறியலாகாது. மாறாக, வீட்டுப் பதிவுள்ள கேசட்டில் பற்கள் ஒடியாமல் இருந்தால் இன்றே ஒடித்துவிடுக. சிவப்புப் பொத்தானைக் குழந்தை ஒருமுறை அழுத்தினால் போதும், அரை நிமிஷக் குரல் போய்விடும்.

நாம் உத்தியோக நிமித்தமாக வசிக்கும் திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. இசைப்பற்று மிகுந்த ஊர். வானொலியில் வந்த நவராத்திரி மண்டபக் கச்சேரிகளைக் கேசட்டில் பிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. அம்மண்டபத்தில் கைதட்டும் வழக்கம் இல்லை. அதனால் கீர்த்தனை முடிந்ததும் நாடாவில் ஒரு மௌனம் வரும். பதிவு அத்துடன் தீர்ந்தது என்று எண்ணி நிறுத்திவிட வேண்டாம்.

ஆயினும் கேசட்டுக்கு இவ்வூர் நல்ல ஊர் அன்று. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழை. நடுவிலும் கடற்காற்றின் ஈரம். இந்த ஈரத்தில் அப்பளமும் நமுக்கும், தோல் செருப்பும் பூக்கும், நாடாவும் பூக்கும். தில்லியில் உள்ளவர்களுக்குப் பகை புழுதியும் கோடை வெப்பமும். மும்பைக்காரர்களுக்கு எங்களைப்போல் ஈரமே. அவரவர் ஊருக்குத் தக்கபடி நாம் சொல்வதைக் கூட்டியோ குறைத்தோ கொள்க.

கேசட்டைப் பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் உலகுக்குக் காட்டியது. அதன் நாடா 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த அகலமுடைய பாலியெஸ்டர் பட்டை. அதன்மேல் இரும்பு ஆக்ஸைடு முதலிய காந்தத்தூள் பசையில் குழைத்துப் பூசப்பட்டிருக்கும். ஸ்டீரியோப் பதிவில் அந்தக் குறுகிய அகலத்துக்குள் ஒரு பக்கத்துக்கு இரண்டாக நான்கு தடங்கள் ஓடுகின்றன. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. நொடிக்கு 10,000 அதிர்வுள்ள நுண்ணிய ஒலி ஒன்று, அந்த வேகத்தில், நாடாவின்மேல் 5 மைக்ரானுக்கும் குறைவான இடத்தையே பிடிக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். ஆகவே நாடாவுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மைக்ரான் அழுக்குப் படிந்தாலும் ஜாலராவின் ஒலியும், ‘ச’, ‘ஸ’ என்னும் எழுத்துகளின் கூர்மையும் முதலில் மறைந்துவிடும். பழைய கேசட் மங்கிவிட்டது என்று நாம் நொந்துகொள்ளும்போது பல சமயம் மங்கியிருப்பது நாடா அன்று, ஹெட்டே.

(ஹெட் என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்று ஆக்க முடியும். மொழிபெயர்ப்பு நமது தொழில். ஆனால் அச்சொல்லை எடுத்துக்கொண்டு ரிப்பேர்க் கடைக்குப் போனால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். எனவே ஹெட் என்றே சொல்வோம்.)

சுத்தம் செய்வது எளிது. கேசட் செருகும் கதவைத் திறந்தால் நடுவில் பளபளக்கும் ஹெட்டும், பக்கத்தில் ஒல்லியான உருக்குத் தண்டும், அதை ஒட்டி நிற்கும் கறுப்பு ரப்பர் உருளையும் தெரியும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்துப் பிழிந்து, ஹெட்டையும் தண்டையும் துடைக்க வேண்டும். பஞ்சில் பழுப்புநிறக் கறை வராமல் நிற்கும்வரை புதிய குச்சிகளால் துடைக்கலாம். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அடிக்கடி பயன்படுத்தினால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் இவற்றை இப்பக்கம் கொண்டுவரவே கூடாது. நன்றாக உலர்ந்த பின்பே கேசட்டைச் செருகுக.

துடைத்த பின்பும் குரல் மங்கலாக இருந்தால் வேறொரு காரணம் இருக்கலாம். பதிந்த கருவியின் ஹெட் சற்றே சாய்ந்து நின்றிருந்தால், நேராக நிற்கும் நம் ஹெட்டில் அந்த நாடா கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். ஹெட்டின் ஓரத்திலுள்ள சிறு திருகைக் கடுகளவு திருப்பினால் குரல் சட்டென்று தெளிவதைக் கேட்கலாம். இதை அறிந்தவரைக் கொண்டு செய்வதே நலம். வேலை முடிந்ததும் திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய டெக்குகளில் உள்ள டால்பி என்னும் பொத்தானும் கவனிக்கத்தக்கது. டால்பியுடன் பதிந்ததை டால்பியுடன் கேட்க வேண்டும். கையடக்க டேப் ரிக்கார்டரில் பதிந்த வீட்டுப் பேச்சுக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை; இரைச்சல் குறையட்டுமென்று அதை அழுத்தினால் இரைச்சலோடு குரலின் தெளிவும் குறைந்துவிடும்.

பல ஆண்டுகள் ஓடாத டெக்கில் முதன்முதலாகத் தாயாரின் குரலைச் செருகுவது விவேகமன்று. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். சிலவற்றில் உருகித் தாரைப்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டும் உருளையும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க, அதைச் சுருட்ட வேண்டிய சக்கரம் நின்றுவிட்டால், நாடா குடல்போல் வெளியே வந்து உருளையில் சுற்றிக்கொள்ளும். ஆகையால் இழந்தாலும் பாதகமில்லாத கேசட் ஒன்றை முதலில் ஓட்டி, இரு சக்கரங்களும் தடையின்றிச் சுழல்வதைப் பார்க்க வேண்டும். சிக்கிக்கொண்டால் இழுக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, உருளையிலிருந்து நாடாவைப் பைய விடுவித்து, பென்சிலைக் கேசட்டின் கண்ணில் நுழைத்துச் சுற்றுக. இந்த வித்தையை நாற்பது வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை.

இனிப் பூஞ்சை. கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் சுருளின்மேல் வெண்மையான பொடியோ நூலோ படர்ந்திருப்பது தெரியும். அத்தகைய கேசட்டை ஒருபோதும் டெக்கில் இடாதீர்கள். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் நாடா அறுந்துபோகும். டெக்கில் சிந்திய பூஞ்சை அடுத்து வரும் நல்ல கேசட்டையும் பற்றும். அதைத் தனிப் பையில் பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவில் சில வாரம் உலர விடுக. உலர்ந்த பூஞ்சை பொடியாகி, மெல்லிய தூரிகைக்கு உதிரும். இதை வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டே வரலாகாது. திருகாணி உள்ள கேசட்டைப் பிரித்து, நாடாச் சுருள்களை வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றுவதும் பெரிய காரியமல்ல. உள்ளே நாடாவை ஹெட்டுடன் அழுத்தி நிற்கும் சிறு கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்துபோன கேசட்டுகளுக்கும் இதுவே சிகிச்சை.

நாடா ஓடத் தொடங்கியதும் அன்றே பிரதி எடுத்துவிட வேண்டும். டெக்கின் பின்புறத்திலுள்ள ‘லைன் அவுட்’ துளையிலிருந்து கணினியின் ‘லைன் இன்’ துளைக்குக் கம்பி போட்டால் போதும். ஸ்பீக்கர் எதிரே கைபேசியை வைத்துப் பதிவது கடைசி வழி. கோப்பைச் சுருக்காமல் ‘வேவ்’ வடிவில் வைக்கவும். எண்பதுகளில் வாங்கிய 90 நிமிஷக் கேசட்டில் சுமார் 130 மீட்டர் நாடா உண்டு. அதைப் பிரதி எடுக்கத் தொண்ணூறு நிமிஷமும் கூட இருந்து கேட்டே ஆக வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

இங்கேதான் சி.டி.யைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. குறுந்தகடு 1982ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் உராய்வே இல்லை; லேசர் ஒளி அடிப்பக்கத்திலிருந்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படித்துச் செல்கிறது. ஆகவே துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து வட்டமாகவே கீறல் விழுந்தால், தடத்தின் நெடுந்தூரம் ஒரே இடத்தில் அழிந்து, கருவியால் பிழை திருத்த இயலாமற்போகும். தகட்டின் மென்மையான பக்கம் அச்சிட்ட மேற்பக்கமே என்பதும் பலருக்குத் தெரியாது. பதிவுள்ள படலம் அந்த அச்சுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அங்கே பந்துமுனைப் பேனாவால் எழுதுவது பதிவைக் குத்துவதாகும். தாண்டித் தாண்டிப் பாடும் பிளேயரில் பெரும்பாலும் லென்ஸின்மேல் தூசிதான். ஊதும் குமிழால் ஊதிப் பாருங்கள்.

இரண்டாயிரமாவது ஆண்டையொட்டிப் பல குடும்பங்கள் கேசட்டுகளை வீட்டுக் கணினியில் சி.டி.யாகப் பதிந்துகொண்டு, ‘இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை’ என்று நாடாக்களைக் கொடுத்துவிட்டன. கடையில் வாங்கிய சி.டி. அச்சில் வார்க்கப்பட்டது. வீட்டில் பதிந்த சி.டி.யோ ஒரு சாயப் படலத்தில் எழுதப்பட்டது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தை மங்கச் செய்யும். அப்படிப் பதிந்த தகடு உங்களிடம் இருந்தால், இன்னும் படிக்கக்கூடியதாக இருக்கும்போதே கணினிக்கு மாற்றிவிடுக. அதற்குத் தாய்நாடா இன்னும் வீட்டிலிருந்தால், பிரதி எடுத்தாயிற்று என்பதற்காக அதை எறிய வேண்டாம். நாடா தேய்ந்து தேய்ந்து மங்கும். தகடு ஒருநாள் திடீரென்று பேச மறுக்கும். கிழவியைப்போல் முனகியேனும் பேசும் நாடாவையே நாம் அதிகம் நம்புகிறோம்.

ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உடன்பிறந்தாரிடம் கொடுத்து வைப்பது நலம். கேசட்டுகளை ஒலிபெருக்கியின்மேலோ, சுவரோடு ஒட்டிய அலமாரியின் அடித்தட்டிலோ வைக்காமல், புத்தகம்போல் நிறுத்தி, சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வைக்கவும்; மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பொட்டலத்தை மாற்றவும். பிரதியின் தொடக்கத்தில், பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை உங்கள் குரலிலேயே பதிந்துவிடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கொள்ளுப்பாட்டியின் குரல் அடையாளம் தெரியாது. கேசட்டின்மேல் எழுதிய பென்சில் எழுத்தும் இந்த ஈரத்தில் நெடுநாள் நில்லாது.