நமக்குக் கட்டுப்படியாகாத விரக்தி



கொடுங்கையூரின் இந்த வாசகர் கூட்டத்தில் "அரசியலும் பணமும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்து டீக்கடை எதிலும் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. "எல்லாம் திருட்டுப் பசங்க. எவன் வந்தா நமக்கென்ன?" இதில் முதல் பாதியில் இருக்கிற கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவது பாதியை எதிர்த்துப் பேசத்தான் வந்திருக்கிறேன். "எவன் வந்தா நமக்கென்ன" என்று சொல்ல வசதியுள்ளவனுக்குக் கட்டுப்படியாகும். கொடுங்கையூருக்குக் கட்டுப்படியாகாது.

2017 நவம்பர் 1-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். இதே கொடுங்கையூர், ஆர்.ஆர்.நகர். மழைத் தண்ணீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் செத்துப்போனார்கள். அந்தக் குடும்பங்களின் பெயரை மேடையில் சொல்ல மாட்டேன்; உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு இந்த வட்டாரத்துக்காக மாநகராட்சி மன்றத்திலோ சட்டமன்றத்திலோ எழுந்து நின்று கேட்க யார் இருந்தார்கள்? நம்ம பெரம்பூர் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் பெரம்பூர் உறுப்பினரும் ஒருவர். பக்கத்து ஆர்.கே.நகருக்கும் எம்.எல்.ஏ. இல்லை. 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்ததிலிருந்து அந்த இடம் காலி. சரி, கவுன்சிலர்? அவரும் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாநகராட்சி மன்றத்துக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடத்தவில்லை. பெரம்பூருக்கு அடுத்த எம்.எல்.ஏ. 2019 ஏப்ரல் இடைத்தேர்தலுக்குப் பிறகுதான் வந்தார்.

கவுன்சிலர் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னை மாநகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். அதற்காக இந்த ஊர் பொங்கி எழுந்ததா? எழவில்லை. இருந்தபோது மட்டும் என்ன கிழித்தார்கள் என்று விட்டுவிட்டோம். 2022-இல் தேர்தல் வந்தபோது சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதம் சொச்சம். தமிழ்நாட்டு மாநகராட்சிகளிலேயே கடைசி இடம்.

பணக்காரன் வீட்டில் குழாய்த் தண்ணீர் நாறினால் அவனுக்கு கவுன்சிலர் வேண்டியதில்லை, கேன் வாங்கிக்கொள்வான். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவான். காற்று சரியில்லை என்றால் வீட்டை மாற்றிக்கொண்டு போவான். அமைச்சரைப் பார்க்க வேண்டுமென்றால் நேரம் கேட்டு உள்ளே போகிற வழி அவனுக்குத் தெரியும். நமக்கு அந்த வழி எதுவும் கிடையாது. 340 ஏக்கருக்கு மேல் பரந்துகிடக்கிற குப்பைமேட்டை விட்டு நாம் எங்கே போவது? எண்ணூரில் எண்ணெய் கொட்டினால் மீனவன் கடலை மாற்றிக்கொண்டு போக முடியுமா? அரசாங்கம் நல்லபடியாக நடந்தால்தான் நமக்குச் சோறு, தண்ணீர், மூச்சு. அப்படிப்பட்ட நாம் அரசியலைக் கைகழுவினால் நஷ்டம் யாருக்கு?

இனி பணத்துக்கு வருகிறேன்.

2017 ஏப்ரல் 12-இல் ஆர்.கே.நகரில் இடைத்தேர்தல் நடக்க வேண்டியது. ஏப்ரல் 7-இல் வருமான வரித் துறை அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கர் தொடர்புடைய இடங்களில் சோதனை போட்டது. கிடைத்த தாள்களில் சுமார் 2 லட்சத்து 24 ஆயிரம் வாக்காளர்களுக்கு, தலைக்கு 4,000 ரூபாய் வீதம், 89 கோடி ரூபாய்க்குக் கணக்கு எழுதியிருந்ததாகச் செய்தி வந்தது. ஏப்ரல் 9 ராத்திரி தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. அமைச்சர் குற்றச்சாட்டை மறுத்தார். பின்னால் அது தொடர்பான போலீஸ் வழக்கும் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டது. அதனால் யாரையும் நான் குற்றவாளி என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் தேர்தலையே நிறுத்துகிற அளவுக்குப் பணப்பட்டுவாடா என்று ஆணையம் முடிவுக்கு வந்தது; தண்டனை பெற்றவர் என்று ஒருவரைக்கூட நமக்கு யாரும் காட்டவில்லை. டிசம்பர் 21-இல் மறுபடி தேர்தல் வைத்தார்கள். 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று அப்போது புகார் எழுந்தது, வென்ற தரப்பு மறுத்தது. 77 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள்.

நம்ம பகுதிதான் இப்படி என்று யாராவது ஏளனம் செய்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2009-இல் திருமங்கலத்தில் இதே பணப் புகார். 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் இதே புகார். 2019-இல் வேலூர், பணப் புகாருக்காக ஒரு மக்களவைத் தொகுதித் தேர்தல் ரத்தானது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை.

வாங்கியவர்களை நான் திட்ட மாட்டேன். வீட்டு வாடகை பாக்கி, பிள்ளைக்கு ஃபீஸ், அடகில் இருக்கிற கம்மல் என்று திண்டாடுகிற அம்மாவிடம் 4,000 ரூபாயை நீட்டிவிட்டு, அவளையே "விலை போனவள்" என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. நான் கேட்கிறதெல்லாம் ஒரு கணக்கு. 2017 ஜூலையில் எம்.எல்.ஏ. சம்பளத்தை 55,000-இலிருந்து 1,05,000 ரூபாயாக ஏற்றினார்கள். உயர்ந்த சம்பளத்தையே வைத்துக்கொள்வோம். ஒரு எம்.எல்.ஏ. ஒரு பைசா செலவழிக்காமல் அத்தனையையும் சேர்த்து வைத்தாலும் 89 கோடி சேர 700 வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த ஆர்.கே.நகர் தேர்தலில் ஒரு வேட்பாளர் சட்டப்படி செலவு செய்யலாம் என்று இருந்ததே 28 லட்சம்தான். அப்படியானால் வீடு வீடாக வருகிற பணம் யாருடையது? திரும்ப எங்கிருந்து எடுக்கப்படும்? தோண்டிப்போட்ட மழைநீர்க் கால்வாயில், ஒரே மழையில் பெயர்ந்துபோகிற சாலையில், டெண்டரில், கமிஷனில். நம்ம தெருவிலிருந்துதான்.

சம்பள உயர்வைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மக்கள் பிரதிநிதிக்குச் சம்பளமே கூடாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சம்மதமில்லை. இங்கிலாந்தில் 1838-இல் சாசன இயக்கத்துத் தொழிலாளர்கள் வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கொடு என்பது. சம்பளம் இல்லையென்றால் ஜமீன்தாரும் முதலாளியும்தான் உள்ளே போக முடியும், ஆலைத் தொழிலாளி போக முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1911-இல்தான் அது நிறைவேறியது. சம்பளம் வெளியே தெரிகிற பணம், அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நம்மைக் கெடுப்பது தெரியாமல் வருகிற பணம்.

அந்தத் தெரியாத பணத்துக்குச் சட்டமே கதவு திறந்துவிட்டிருந்தது. தேர்தல் பத்திரம் என்று 2018-இல் கொண்டுவந்தார்கள். யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்று வாக்காளனுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பு சொல்வதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் விற்றாகிவிட்டது. மிக அதிகமாகப் பெற்ற கட்சி பா.ஜ.க. மிக அதிகமாக வாங்கிய கம்பெனி எது? லாட்டரி கம்பெனி. சான்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்தது என்பதை அந்தக் கட்சியே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது.

தாய்மார்களே, லாட்டரி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூட்டை தூக்கிச் சம்பாதித்த கூலி ராத்திரி வீட்டுக்கு வராமல் சீட்டுக் கடையில் போய்ச் சேர்ந்த காலத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். வேறு சில மாநிலங்களில் அது நடக்கிறது. அங்கே ஏதோ ஒரு ரிக்‌ஷாக்காரர் சீட்டு வாங்க, அந்த வியாபாரத்தில் சேர்ந்த லாபம் இங்கே கட்சி நிதியாக வந்து சேர்ந்தது. இந்த நாட்டில் மேல்தட்டில் இருக்கிற 1 சதவீதம் பேர் மொத்த வருமானத்தில் 22 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாரிஸிலிருந்து இயங்கும் உலக சமத்துவமின்மை ஆய்வகம் 2024-இல் கணக்குச் சொன்னது. அவ்வளவு வருமானம் ஓரிடத்தில் குவிந்தால் அது சும்மா கிடக்காது. கொள்கையை விலைக்குக் கேட்கும்.

இதே சென்னையில் 2025 ஆகஸ்டில் என்ன நடந்தது? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், நம்ம வட சென்னைப் பெண்கள். மாதம் 23,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த சம்பளம் 16,000 சொச்சத்துக்கு இறங்கிவிடும் என்பதுதான் அவர்கள் பயம். 13 நாள் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. 509 கோடிக்குத் திறக்கிற கதவு இவர்களுக்கு ஏன் திறக்கவில்லை என்று கேட்க வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் கேட்க வேண்டும்.

"எல்லாரும்" திருடர்கள் என்பது உண்மையும் இல்லை. தேர்தல் பத்திரத்தில் ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டோம் என்று மார்க்சிஸ்ட் கட்சி முடிவெடுத்து, அதை எதிர்த்து வழக்கும் போட்டது. இதோ பக்கத்தில் இருக்கிற வண்ணாரப்பேட்டை 1952-இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவானந்தத்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. நம்மைப்போல உழைக்கிற ஜனங்கள்தான் அனுப்பினார்கள். இன்றைக்கு ஒரு ஜீவா நிற்க முடியுமா? சட்டமன்றத் தேர்தல் செலவு வரம்பு 2022-இல் 40 லட்சமாக ஏறியது. மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கிற துறைமுகத் தொழிலாளி 200 மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்துவைத்தால்தான் அந்த வரம்பைத் தொடலாம். கட்சி செய்கிற பொதுப் பிரசாரச் செலவுக்கோ வரம்பே கிடையாது. 1974-இல் அமர்நாத் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செயலற்றதாக்கினார்கள். ஐம்பது ஆண்டுகளாக எத்தனையோ ஆட்சிகள் மாறின. அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி நாம் யாரும் தெருவில் இறங்கவில்லை.

ஆனால் கேட்டால் கணக்கு வரும் என்பதற்கும் சாட்சி உண்டு. வேட்பாளர் தன் சொத்தையும் தன் மேல் உள்ள வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயம் தானாக வரவில்லை. குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றம் ஏறி 2002, 2003 தீர்ப்புகளில் வாங்கித் தந்தது. குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025-இல் நீங்களே மனிதச் சங்கிலியாக நின்றீர்கள். "எவன் வந்தா நமக்கென்ன" என்று நினைத்திருந்தால் அந்த வெயிலில் நின்றிருப்பீர்களா?

அதனால் இந்தக் கூட்டத்தின் முன் ஒரு வேலையை வைக்கிறேன். தேர்தல் முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் தர வேண்டும். சென்னைக்கு அந்த அதிகாரி மாநகராட்சி ஆணையர்தான். தேர்தல் நடத்தை விதி 88-இன்படி யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய் கட்டி அந்தக் கணக்கைப் பார்க்கலாம். ஒரே ஒரு ரூபாய்! பெரம்பூர், ஆர்.கே.நகர் இரண்டு தொகுதிகளின் கணக்குகளையும் எடுத்துவருவோம். எத்தனை நாற்காலி, எத்தனை ஆட்டோ, எத்தனை பிரியாணி எழுதியிருக்கிறார்கள் என்று இதே கூட்டத்தில் வரி வரியாக வாசிப்போம். தேர்தல் நடந்தபோது இந்தத் தெருக்களில் நீங்கள் பார்த்ததும் அதில் எழுதியிருப்பதும் பொருந்துகிறதா என்று நீங்களே சொல்லுங்கள். பொருந்தவில்லையென்றால் எழுத்தில் புகார் கொடுப்போம். 2022 விதிகளின்படி வார்டுக்கு வார்டு பகுதி சபை கூட்ட வேண்டும். அது கூடுகிற நாளில் டெண்டர் விவரத்தைக் கேட்டு அங்கேயும் போய் உட்காருவோம்.

முதலில் பத்துப் பேர் வேண்டும். அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும். கணக்குப் படிக்கத் தெரிந்த காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் வேண்டும். மேடைக்கு வலப்பக்கம் தம்பி ஒருவர் நோட்டோடு நிற்கிறார். இறங்கியதும் முதல் பெயராக என் பெயரை எழுதப் போகிறேன். மீதி ஒன்பது பேர் வாருங்கள்.