எதற்காகப் படிக்கிறோம்?

(திண்டிவனத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எதுக்குப் படிக்கிறோம்னு கேட்டா, வேலைக்குன்னு சொல்றீங்க. தப்பில்லை. தலைமுறை தலைமுறையா அடுத்தவன் நிலத்துல கூலிக்கு உழைச்சவங்களோட பிள்ளைகள் நாம. மாதச் சம்பளமும் நமக்கு விடுதலைதான். ஆனால் கல்வியின் நோக்கம் அதோடு முடிந்துவிடவில்லை.

வானூர் வட்டத்துத் திருவக்கரைக்கு உங்களில் பலர் போயிருப்பீங்க. அங்கே மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. வக்கிராசுரனைக் கொன்ற தலம் இது, அவனுடைய எலும்புதான் இந்தக் கல் என்று கதை சொல்வார்கள். நிலவியல் சொல்வது வேறு. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்து வந்த மரங்கள் மணலில் புதைந்தன. காற்றுப் படாததால் மக்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் இறங்கி, மெல்ல மெல்லக் கல்லாக்கியது. கிளை, இலை, வேர் எதுவும் இல்லை, அடிமரம் மட்டும் கிடக்குது. அதனாலதான் வேற எங்கிருந்தோ அடிச்சுக்கிட்டு வந்ததுன்னு சொல்றாங்க. கதையை நம்பத்தான் முடியும். இதைச் சோதிச்சுப் பார்க்கலாம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதுதான் படிப்பு.

இதுல நமக்கென்னன்னு கேட்கலாம். பிரம்மாவின் தலையில் ஒருவன் பிறந்தான், காலில் ஒருவன் பிறந்தான் என்று கதை சொல்லித்தானே நம்மைச் சேரியில் வைத்தார்கள்? அதைத்தானே பிறப்பு, விதி, இயற்கை என்றார்கள்?

இயற்கை விதிக்கு ஒரு குணம் உண்டு தோழர்களே. அதை யாரும் காவல் காக்க வேண்டியதில்லை. மேலே எறிந்த கல் கீழே விழுவதற்கு யாரும் தடியோடு நிற்பதில்லை. சாதி இயற்கை என்றால் அதைக் காப்பாத்த அரிவாள் எதுக்கு? 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் 12 தலித்துகளை எதுக்குக் கொன்னாங்க? கொலை செய்து காப்பாற்ற வேண்டிய ஒன்று இயற்கை விதியாக இருக்க முடியாது. அது மனிதன் போட்ட சட்டம். மனிதன் போட்டதை மனிதன் உடைக்கலாம்.

1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் சாணியும் கோமியமும் ஊத்தி அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செஞ்சாங்க. எந்த விஞ்ஞானத்துல இது சுத்தம்?

விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கியவர்களும் பெண் பார்க்கும்போது சாதி பார்க்கிறார்கள். அவங்க படிச்சது பரீட்சைக்கு. வாழ்க்கைக்கு வரலை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தாயிற்று. ஆனால் அது தானாகச் சேரிக்கு நடந்து வராது.

நீங்கள்தான் கொண்டு போகணும். மாலை நேரத்துல நாலு பிள்ளைகளை உட்கார வையுங்க. திருவக்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க. கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. "ஏன்?" என்று கேட்கப் பழக்குங்க. கல்லைப் பார்த்து ஏன்னு கேட்ட பிள்ளை, நாளைக்கு ஊரைப் பார்த்தும் கேட்கும். அந்தக் கேள்விக்குத்தான் அவங்க பயப்படுறாங்க.