மிதிப்புக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே



டர்போ லேக் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். தொடங்கும் முன் ஒரு சொல்வழக்கைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். வண்டி உடனே இழுக்கவில்லை என்று ஓட்டுநர் சொன்னால், காரணம் எதுவானாலும் ‘லேக்’ என்றே எழுதிவிடுகிறோம். என்ஜின் 1,000 ஆர்பிஎம்மில் திணறும்போது டர்பைனை விரட்டப் புகையில் போதிய ஆற்றல் இருப்பதில்லை. எவ்வளவு நேரம் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் டர்போவின் முழு அழுத்தம் ஏறாது. அது தாமதமல்ல, பற்றாக்குறை. அதே வண்டி 3,000 ஆர்பிஎம்மில் ஓடுகையில், மிதித்த பின் அழுத்தம் ஏற ஒரு வினாடி பிடித்தால், அதுதான் லேக். இளம் பொறியாளனாக நான் இந்த இரண்டையும் குழப்பி, டர்பைன் சக்கரத்தின் எடையைக் குறைக்க மாதக்கணக்கில் உழைத்தேன். ஓட்டுநரின் குறை அப்படியே இருந்தது. எந்த ஆர்பிஎம்மில் வண்டி திணறுகிறது என்று அவரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

லேக்குக்குப் பந்தயக் களத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1977 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் ரெனோ நிறுவனம் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் டர்போ காரை இறக்கியது. 3 லிட்டர் என்ஜின்களுக்கு எதிராக 1.5 லிட்டர் வி6, ஒரே ஒரு டர்போ. வளைவு முடியும் முன்பே மிதித்து, ஆற்றல் வந்து சேரும் கணத்தை ஓட்டுநர் கணிக்க வேண்டியிருந்தது. 1979இல் மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு சிறிய டர்போக்கள் வந்தன. அவ்வாண்டு ஜூலை 1 அன்று டிஜோனில் ழான்-பியேர் ழபூய் வென்றார். ஃபார்முலா ஒன்னில் டர்போவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

இரண்டு சிறியவை ஏன் ஒரு பெரியதைவிட விரைவு? சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், வடிவம் மாறாதவரை, விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பின்பற்றும். காற்றைப் பாதியாகப் பங்கிட்டால் ஒவ்வொரு சக்கரத்தின் விட்டமும் 0.7 பங்காகும். இரண்டின் திருப்புத்திறனையும் கூட்டினாலும் பழையதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே வரும். பல கட்டுரைகள் இங்கே நின்றுவிடுகின்றன. அதே அழுத்தத்தைத் தர விளிம்பு வேகம் குறையக்கூடாது என்பதால், சிறு சக்கரம் 1.4 மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். ஆகவே ஊட்ட வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 70 விழுக்காடாகத்தான் குறைகிறது. சிறு சக்கரத்தில் விளிம்பு இடைவெளிக் கசிவும் கூடும். ஆதாயம் உண்மையானது, ஆனால் அளவானது.

மாறும் இதழ் கொண்ட டர்பைன், தண்டிலேயே மின்மோட்டார் வைத்த டர்போ என்று பல தீர்வுகள் இங்கே விவாதத்துக்கு வருகின்றன. ஒவ்வொருவரிடமும் என் வேண்டுகோள் ஒன்றே: உச்சத் திறனைச் சொல்லும்போதே, எந்த ஆர்பிஎம்மில், எந்தக் கியரில், மிதித்த கணத்திலிருந்து எத்தனை வினாடியில் முறுக்கு விசை 90 விழுக்காட்டை எட்டியது என்பதையும் சொல்லுங்கள்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.